எட்டாம் நம்பர் பிளக்

சில வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசியில் சேலத்தில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு தர்மபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. தொப்பூர் கணவாய் என்றால் எல்லோருக்கும் சேலம் பக்கம் இறங்கும் இறக்கமும் அங்கே நடக்கும் லாரி விபத்துகளும்தான் நினைவுக்கு வரும். திரும்பும்போது அதே சாலைதான் ஏற்றம். மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். வண்டி ஒரு உதறு உதறியது. காலை எடுத்தால் சரியாகிறது, மறுபடி மிதித்தால் மறுபடி உதறல்.

பின் சீட்டிலிருந்து மாமனார், “மாப்ளே, பெட்ரோல் இருக்குதா?” என்றார். பெட்ரோல் இருந்தது. மீட்டர் பக்கத்தில் மஞ்சள் நிற இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அந்த மின்னலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் சீக்கிரம் பட்டறைக்குப் போக வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் அந்த நிமிடமே காலைத் தளர்த்த வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அங்கே புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் அது எரிந்தால் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும். நாலு ஸ்பார்க் பிளக்கின் (சிலிண்டருக்குள் பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைப்பது அதுதான்) விலையோடு முடிய வேண்டிய செலவு பல ஆயிரத்துக்குப் போய்விடும். நான் ஏசியை அணைத்து, இரண்டாவது கியருக்கு மாற்றி, இடது ஓரத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்ந்து மேலே வந்து சேர்ந்தேன். மேடு முடிந்து சமதளம் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஓடியது.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் விடை இருந்திருக்கிறது. அது எனக்குப் புரிய இரண்டு மாதமும் நாலு தப்பான பிளக்கும் ஆயின.

வண்டி பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, கம்பெனியில் போட்ட பிளக்கை ஒருமுறைகூட மாற்றவில்லை. சாதாரண நிக்கல் முனை பிளக்குக்கு 30,000 முதல் 40,000 கிலோமீட்டர்தான் பொதுவான கணக்கு. ஆக பிளக்தான் காரணம் என்பதை நானே கண்டுபிடித்துவிட்டேன். அதுவரை சரி. எந்த பிளக் வாங்குவது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

புல்லட் வைத்திருக்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். வண்டி விஷயத்தில் அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. “நம்ம ஊர் வெயிலுக்கும் தொப்பூர் ஏத்தத்துக்கும் கோல்ட் பிளக்தான்டா போடணும். ஆறு போட்ட இடத்துல எட்டு போடு, வண்டி பறக்கும்” என்றான். ஆறு, எட்டு என்பது பிளக்கில் எழுதியிருக்கும் சூட்டு எண். ‘கோல்ட்’ என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் நல்லது. இந்த ஊரில் சித்திரை வெயிலைப் பார்த்தவனுக்கு அது நியாயமாகத்தானே படும்? இணையத்தில் எட்டாம் நம்பர் இரிடியம் பிளக் நாலு ஆர்டர் போட்டேன். மரை அளவு அதேதான், நீளமும் அதேதான். நானே கழற்றி நானே மாட்டினேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே சேலம் பக்கம் போய்த் திரும்பினேன். தொப்பூர் ஏற்றத்தில் வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் ஏறியது. நண்பனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

மார்கழி பிறந்தது. தர்மபுரியில் மார்கழிக் காலை நன்றாகவே குளிரும். ஒருநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பினால் ஸ்டார்ட் ஆக ஐந்தாறு தடவை சாவியைத் திருக வேண்டியிருந்தது. பிறகு அதுவே தினசரி வழக்கமாயிற்று. ஐடிலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம், பின்னால் பச்சைப் பெட்ரோல் வாடை, மைலேஜும் லேசாக இறக்கம். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறி அரைமணி நேரம் ஓட்டினால் வண்டி தேவலை. ஒரு வாரம் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, பென்னாகரம் ரோட்டில் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணாவின் பட்டறைக்குப் போனேன்.

அவர் முதலில் செய்தது ஒன்றே ஒன்றுதான். நாலு பிளக்கையும் கழற்றி, தினசரித் தாளின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சிலிண்டர் வரிசைப்படியே வைத்தார். வரிசை மாறக்கூடாது என்பது அவருக்குச் சட்டம். நாலும் கறுப்பு. ஈரக் கறுப்பு இல்லை, எண்ணெய்க் கறுப்பும் இல்லை. விரலால் தொட்டால் கண்மைபோல ஒட்டும் காய்ந்த கரி. நடு முனையைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கானில் வெள்ளையே தெரியவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பி, பீங்கானில் எழுதியிருந்த எண்ணைப் படித்தவர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது தொப்பூருக்கு வாங்கின பிளக்கா, பள்ளிக்கூடத்துக்கு வாங்கின பிளக்கா?”

என் தினசரி ஓட்டம் எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர், அங்கிருந்து ஆபீஸ் ஒரு கிலோமீட்டர். இன்ஜின் சூடு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறேன். சேலம் போவது மாதம் ஒருமுறையோ இரண்டுமுறையோ. மாதத்தில் இரண்டு நாளுக்கு பிளக் வாங்கி இருபத்தெட்டு நாள் ஓட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பிளக்கில் இருக்கும் அந்த ‘ஹாட்’, ‘கோல்ட்’ இரண்டுக்கும் ஊர் வெயிலோடு சம்பந்தமே இல்லை. பிளக்கின் முனையில் ஏறும் சூடு எவ்வளவு வேகமாக ஹெட்டுக்கு (பிளக் மாட்டியிருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) இறங்குகிறது என்பதன் கணக்கு அது. உள்ளே தெரியும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்க வெகுதூரம் போக வேண்டும், முனை சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்ட். முனை ஏறத்தாழ 450, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன்மேல் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 800, 900 பக்கம் போனால் முனையே தணல்போலக் கனன்று, தீப்பொறி வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்; பிஸ்டனுக்கே ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் முனை நிற்க வேண்டும். அதற்கு எந்த நம்பர் என்பதை இன்ஜினைச் செய்தவன் சோதித்துப் பார்த்துத்தான் மேனுவலில் எழுதியிருக்கிறான். நான் போட்டது இரண்டு படி அதிகக் குளிர்ச்சி. இரண்டரை கிலோமீட்டரில் அதன் முனை சூடே ஏறவில்லை. கரி சேர்ந்துகொண்டே போய், மின்சாரம் பொறியாகத் தாவாமல் கரி வழியே கசிந்து ஓடியிருக்கிறது.

அப்படியானால் தொப்பூர் ஏற்றத்தில் அந்த எட்டாம் நம்பர் எப்படி நன்றாக ஏறியது? இதைக் கேட்டே விட்டேன். டேஷ்போர்டில் பழைய பிளக்குகளைப் பொட்டலம் கட்டிப் போட்டு வைத்திருந்தேன் (பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், குறைந்தது ஒரு மாதமாவது வைத்திருங்கள்). அண்ணா இடைவெளி அளக்கும் தகடுகளான பில்லர் கேஜை எடுத்தார். 1.0 பிளேடு தாராளமாக நுழைந்தது. அதோடு 0.4 பிளேடையும் சேர்த்து நுழைத்தார். அதுவும் லேசான உரசலோடு போனது. புதிதில் 1.1 மில்லிமீட்டர் இருந்த கேப், அதாவது பொறி தாவும் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, தேய்ந்து தேய்ந்து 1.4 ஆகியிருக்கிறது. நடு முனையின் ஓரங்கள் கூர்மை போய், நக்கிய மிட்டாய்போல உருண்டிருந்தன.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி தாவுவது கஷ்டம், அதிக வோல்டேஜ் வேண்டும். கேப்பும் அகலமாகிவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கொடுக்கும் வோல்டேஜ் போதாது, பொறி விழாது. சமதளத்தில் அழுத்தம் குறைவு, அதனால் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நம்பர் பிளக்கில் கேப் புதிது, அளவும் குறைவு. ஏற்றத்தைச் சரிசெய்தது அந்தக் கேப்தான். எந்தப் புது பிளக்கைப் போட்டிருந்தாலும் ஏறியிருக்கும். நம்பருக்குப் போன பெருமையெல்லாம் வீண், பிரியாணியும் வீண்.

பழைய பிளக்கில் இருந்த எழுத்து பி.கே.ஆர்.6.இ-11. இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம். என்.ஜி.கே. கம்பெனியின் முறையில் முன்னால் வரும் பி.கே. என்பது 14 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் ஸ்பேனர். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் (மின்தடை) உண்டு. இந்தக் காலத்து எலெக்ட்ரானிக் வண்டிகளுக்கு அது கட்டாயம். ஆறு என்பது சூட்டு எண். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 11 என்பது 1.1 மில்லிமீட்டர் கேப். மரை நீளத்தில் மட்டும் யாரும் விளையாடக்கூடாது. நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ போய் இடிக்கும். குறைந்தால் ஹெட்டில் மீதி மரை திறந்து கிடந்து கரி படியும். அப்புறம் சரியான பிளக் போட்டாலும் ஏறாது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக் கூடக் குளிர்ச்சி. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடக் கூடச் சூடு, அப்படியே தலைகீழ். என்.ஜி.கே. 6-க்கு ஏறத்தாழ இணை டென்சோவில் 20, பாஷில் 7. எண் ஒன்றாக இருக்கிறதே என்று கம்பெனி மாற்றிப் போட்டால் கதை கந்தல். அண்ணா இப்போதும் பாஷ் பிளக்கை ‘மைக்கோ’ என்றுதான் சொல்கிறார். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த கம்பெனியின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறியது அவருக்குத் தெரியாமல் இல்லை. வாய் கேட்க மாட்டேன் என்கிறது. எந்த கம்பெனி நல்லது என்று கேட்டதற்கு, “எல்லாம் நல்லதுதான், அந்தந்த கம்பெனி கேட்லாக்கைப் பார்த்து உன் வண்டிக்கு எது எழுதியிருக்கோ அதை வாங்கு” என்றார். வண்டி உலகத்தில் இவ்வளவு சலிப்பூட்டும் பதிலை யாரும் சொல்வதில்லை, அதனாலேயே நம்பினேன்.

அடுத்தது கடை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் கேட்டேன். டப்பா பளபளவென்று இருந்தது, விலை மற்ற இடங்களைவிட நாற்பது ரூபாய் குறைவு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மேலே வளைந்து நிற்கும் எர்த் முனை நடு முனைக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறினேன். வாஷர் கழன்று கல்லாப்பெட்டி மேல் விழுந்து உருண்டது. நல்ல பிளக்கில் வாஷர் மரையோடு பிடித்திருக்கும், திருகித்தான் எடுக்க முடியும், உதறினால் விழாது. பீங்கானில் எழுத்து மங்கல், இரும்பு அறுகோணத்தில் லாட் எண்ணும் இல்லை. ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே வாங்கியதை வீட்டில் மல்டிமீட்டரிலும் வைத்துப் பார்த்தேன். மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே 5 கிலோ ஓம் பக்கம் காட்டியது. ரெசிஸ்டர் பிளக் என்று எழுதியிருந்து பூஜ்யம் காட்டினால் அது வேறு சரக்கு.

நிக்கலா, இரிடியமா? எனக்கு நிக்கல் ஒன்று 150 ரூபாய்க்கும், இரிடியம் 650 ரூபாய்க்கும் சொன்னார்கள். இரிடியத்தின் உருகுநிலை 2,400 டிகிரிக்கு மேல், நிக்கலுக்கு 1,455. அதனால் இரிடிய முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையில் பொறி சுலபமாகத் தாவும், தேய்மானமும் குறைவு. ஆனால் டப்பாவில் இரிடியம் என்று போட்டிருந்தால் லட்சம் கிலோமீட்டர் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. பல பிளக்குகளில் நடு முனை மட்டும்தான் இரிடியம், எதிரே இருக்கும் எர்த் முனை சாதா நிக்கல். அது தன் வேகத்தில் தேயும். இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக்குக்குத்தான் அந்த நீண்ட ஆயுள். மேனுவலில் இரிடியம் என்று போட்டிருந்தால் பேரம் பேசாமல் இரிடியம் வாங்குங்கள், அதில் நிக்கலுக்கு இறங்காதீர்கள். என் மேனுவலில் நிக்கல். நிக்கலே வாங்கினேன், ஆறாம் நம்பர். மிச்சக் காசில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கியது நல்ல முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

மாட்டுவதில் முதல் தடவை நான் செய்த தப்புகளை அண்ணா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஜின் ஆறியபிறகே கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது திருகினால் மரை உரிந்து வரும். நான் அரைமணி நேரத்தில் கழற்றியிருந்தேன். பிளக்கை எடுக்குமுன் அந்தக் குழியில் ஏர் அடித்துத் தூசியை ஊத வேண்டும். கிருஷ்ணகிரி ரோட்டில் கல் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டியில் எவ்வளவு மணல் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர் ஊதியபோது என் கண்ணில் பட்டதே ஒரு சிட்டிகை. ஊதாமல் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும்.

புது பிளக்கை நேரடியாக ஸ்பேனரில் வைத்துத் திருகவே கூடாது. அண்ணா ஒரு துண்டு ரப்பர் ஹோஸை பிளக்கின் மேல்முனையில் செருகி, குழிக்குள் இறக்கி, விரல் நுனியால் ஹோஸைச் சுற்றினார். மரை நேராகப் பிடித்தால் தானாக இறங்கும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை பிழைத்துக்கொள்ளும். மூன்றாவது சிலிண்டரில் என் கைக்கு இரண்டு தடவை வழுக்கியது. பின்னோக்கி ஒரு சுற்று, ‘டக்’கென்று மரை விழும் இடம் கையில் தெரிந்தது, அப்புறம் கடகடவென்று இறங்கிவிட்டது. முழுக்கக் கையால் இறங்கிய பிறகுதான் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லாதவர்கள் கை இறுக்கத்துக்கு மேல் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை. அது புது வாஷருக்கு. ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கைத் திரும்ப மாட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. இப்போது வரும் பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மரையில் முலாம் பூசியே வருகிறது; கிரீஸ் தடவினால் வழுக்கலில் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

கழற்றும் பிளக்கின் வெளிப்பீங்கானில், இரும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பழுப்பாக ஒரு வளையம் இருப்பதைப் பார்க்கலாம். உள்ளேயிருந்து கேஸ் கசிகிறது என்று சொல்லி புது பிளக் விற்பவர்கள் இருக்கிறார்கள். அது கசிவு இல்லை. உயர் வோல்டேஜ் இருக்கும் இடத்தில் காற்றிலிருக்கும் எண்ணெய்த் துகள் ஒட்டி வரும் கறை, கெடுதல் கிடையாது. கவலைப்பட வேண்டியது பீங்கானில் மேலிருந்து கீழாக ஓடும் பென்சில் கோடுபோன்ற கறுப்புக் கோட்டைப் பார்த்தால்தான். மின்சாரம் உள்ளே போகாமல் வெளியே வழிந்திருக்கிறது. பிளக்கோடு காயில் ரப்பரையும் மாற்ற வேண்டும்.

காவேரிப்பட்டினத்தில் இருக்கும் மச்சான் வண்டிக்கும் இதேபோல உதறல் வந்தது. அது எல்.பி.ஜி. கிட் போட்ட வண்டி. கேஸில் ஓடும்போது பொறி தாவ இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் கிட் போட்டவர் சொன்ன அளவுக்குக் கேப்பைக் குறைத்து வைக்க வேண்டும். அவன் ஸ்கேனரில் பி0302 என்று வந்தது, இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக்கா காயிலா என்று தெரிய, இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றில் மாட்டி, மூன்றாவதை இரண்டில் மாட்டினோம். ஸ்கேனர் எண் பி0303 என்று மாறியது. காயிலோடு கோளாறும் சேர்ந்து நகர்ந்துவிட்டது, ஆக காயில்தான். நகராமல் அங்கேயே நின்றிருந்தால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டியிருக்கும். பத்து நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. நாலு பிளக்கும் நாலு காயிலும் மொத்தமாக மாற்றச் சொல்லி வேறோர் இடத்தில் அவனுக்கு எஸ்டிமேட் போட்டிருந்தார்கள்.

ஆறாம் நம்பர் மாட்டி 10,000 கிலோமீட்டர் ஆனதும் போன மாதம் நாலையும் கழற்றித் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு மூன்றும் பால் அதிகம் விட்ட டீயின் நிறம். அதுதான் நல்ல நிறம். இரண்டாவதின் முனையும் அதே நிறம்தான், ஆனால் வெளி மரையின் மேற்பகுதியில் எண்ணெய் மினுமினுத்தது. அண்ணாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முனை காய்ந்திருப்பதால் பிஸ்டன் ரிங் கோளாறு இல்லை, மேலே டேப்பெட் கவரின் (இன்ஜினின் மேல்மூடி) ரப்பர் சீல் கசிந்து பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்குகிறது என்றார். அவசரமில்லை, ஆனால் விட்டால் காயில் ரப்பர் ஊறிப்போகும். சீலை வாங்கி டேஷ்போர்டில், அந்தப் பழைய பிளக் பொட்டலத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு மாட்ட வேண்டும்.